கடலோர ஊர்களுக்கு ஒரு நாள்: படகு கரையேறும் நேரத்துக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று கடலோர ஊர்களைச் சுற்றிப் பார்க்க, நண்பர்கள் சேர்ந்து வண்டி பிடித்து வருவது சில ஆண்டுகளாகக் கூடியிருக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறார்கள். உச்சி வெயிலில் மணலில் நின்று நாலு படம் எடுத்துவிட்டு, கடலில் ஒரு குளியல் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். இந்தக் கரையின் வாழ்க்கை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதைவிடக் கவலை, ஆபத்தான இடத்தில் ஆபத்தான நேரத்தில் அவர்கள் கடலில் இறங்குவதுதான். இரண்டையும் தவிர்க்கும்படி ஒரு நாளை எப்படி அமைப்பது என்று எழுதினால், வர நினைக்கும் வாசகர்களுக்கு உதவும் என்று நம்புகிறோம்.

முதலில் கிழமை. இந்த ஊர்களில் பெரும்பாலானவை கத்தோலிக்க மீனவர் ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு வந்தால் வள்ளங்கள் வரிசையாகக் கரையில் கிடக்கும், ஏலம் இருக்காது, ஊரே கோயிலில் இருக்கும். பூசையும் பாடலும் கேட்கத்தான் வருகிறோம் என்றால் ஞாயிறு பொருத்தம். மீன்பிடித் தொழிலைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமையோ வார நாளோதான் வர வேண்டும். எந்த ஊரில் எப்போது கரையேறுவார்கள் என்பது வலைக்கு வலை, பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தின நாள் மாலையே ஒரு டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வரிசை. எல்லோரும் திருச்செந்தூரில் தொடங்கி மணப்பாட்டை முதலில் பார்த்துவிட்டு உவரியில் முடிக்கிறார்கள். எங்கள் யோசனை இதற்கு நேர்மாறு. திருச்செந்தூரிலிருந்து உவரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், மணப்பாடு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பொழுது புலரும்போது உவரிக் கரையில் நிற்கலாம். அங்கிருந்து வடக்கே திரும்பி வந்தால் மாலை மணப்பாட்டில் முடியும். உவரி விடியலுக்கு அழகு, மணப்பாடு அந்திக்கு அழகு. காலை வேளை முழுவதும் படகுகள் கரையேறுவதைப் பார்க்கவும் இந்த வரிசைதான் வசதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரி பக்கம் போகும் பேருந்துகள் உவரி வழியாகப் போகின்றன. ஆனால் விடியலுக்கு முன் போய்ச் சேர பேருந்தை நம்ப முடியாது, வேன்தான் சரி. பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவாக வர வேண்டாம். இந்த ஊர்களின் தெருக்கள் குறுகியவை. இருபது பேர் ஒன்றாக நடந்தால் ஊர்வலம் மாதிரி ஆகிவிடும், யாரும் நின்று பேச மாட்டார்கள்.

உவரியில் கப்பல் மாதா ஆலயம், புனித அந்தோணியார் திருத்தலம், சுயம்புலிங்க சுவாமி கோயில் மூன்றும் கடலையொட்டியே இருக்கின்றன. சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மணலைச் சுமந்து வந்து கொட்டுவதைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் கூட்டம் அதிகம். அன்று வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம்.

வள்ளம் கரை தட்டியதும் வேலை வேகமாக நடக்கும். வள்ளத்தை ஏற்றுவார்கள், வலையிலிருந்து மீனைக் கழிப்பார்கள், கூறு போட்டு ஏலம் விடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் ஏல வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். மீனைக் கையில் எடுத்துப் பார்ப்பதோ, குவியலிலிருந்து ஒரு மீனை மட்டும் விலை கேட்பதோ கூடாது. ஏலம் மொத்தமாக எடுக்கிற வியாபாரிகளுக்கானது, இடையில் புகுந்தால் விலை கலையும். வீட்டுக்கு இரண்டு கிலோ வேண்டுமென்றால் ஏலம் முடிந்ததும் அதை எடுத்த பெண்களிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். காயப்போட்ட வலையைச் சுற்றிக்கொண்டு போங்கள். செருப்புக் காலோடு வலைமேல் நடப்பதுபோல் மீனவரை நோகச் செய்வது வேறில்லை. ஒரு கண்ணி அறுந்தால் அதிலிருந்து வலை கிழிந்துகொண்டே போகும், அதைக் கட்டி முடிக்க ஒரு பகல் போய்விடும். வலை கழித்த இடத்தில் கெளிற்று மீனின் முள் மணலுக்குள் கிடக்கும். குத்தினால் கடுப்பு மணிக்கணக்கில் இருக்கும் என்பதால் தடித்த அடி உள்ள செருப்பு தேவை.

மீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது ஐஸில். மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். மீன் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ ஐஸ் வேண்டும், அதுவும் நொறுக்கிய ஐஸ். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேல் அடுக்கு ஐஸாக இருக்க வேண்டும். பெட்டியின் அடி மூலையில் சிறு துளை போட்டு உருகும் நீரை வடிய விடுங்கள். அந்தத் தண்ணீரில் ஊறினால் மீன் சதை குழைந்துவிடும். கணவாயைத் தனிப்பையில் கட்டாவிட்டால் அதன் மை மற்ற மீனில் எல்லாம் இறங்கும். முக்கியமானது இது: சாளை, அயிலை, சூரை ஆகியவற்றை வெயிலில் பையோடு தொங்கவிட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். சூடு பட்டால் இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வரும். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இதுவும் உண்டு.

கருவாடு வாங்குவதானால், மணலில் நேராகக் கொட்டிக் காயவைத்ததை விட்டு, வலை விரிப்பிலோ பரணிலோ காய்ந்ததைக் கேளுங்கள். நெத்திலிக் கருவாடு கையில் ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள், ஊருக்குப் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

உவரியிலிருந்து பெரியதாழைக்கு வந்தால் கடலரிப்பைக் கண்ணால் பார்க்கலாம். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவு, கரையோரம் நகரும் மணலைத் தடுத்து நிறுத்தும். ஒரு பக்கம் மணல் சேர்ந்து கரை அகலும். மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராமல், அங்கே கரை கரையும். ஒரு ஊருக்குக் கட்டினால் அடுத்த ஊர் ஏன் கேட்கிறது என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும். ஆனால் அந்தக் கற்கள்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அலை படுகிற மட்டத்தில் கல் முழுவதும் பாசி. வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே கால் சிக்கினால், அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. வளைவையொட்டிய தண்ணீரும் அமைதியாகத் தெரியும், ஆனால் கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுதான். அங்கே குளிக்கக் கூடாது.

இந்தக் கரையில் மணலின் நிறத்தைக் கவனியுங்கள். அலை வடிந்த இடத்தில் கருப்பும் கருஞ்சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தத் தாது மணலை அள்ளுவதற்கு 2013-ல் தமிழக அரசு தடை விதித்தது. அழகாக இருக்கிறதென்று பாட்டிலில் அள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

பதினொரு மணிக்கு மேல் கரையில் இருப்பதில் பயனில்லை. அந்த நேரத்துக்கு உள்ளே உடன்குடிக்குத் திரும்பிவிடுவது நல்லது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும், பனையேறுவதற்கும் விறகுக்கும் கூலி தனி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், மலிவாகக் கிடைப்பதில் சீனி கலந்திருக்கும் என்பது தானே புரியும். பதநீர் பருவம் மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்கத்தான், அப்படியும் வெயில் ஏற ஏற ருசி மாறும். காலையிலேயே வழியில் கண்டால் குடித்துவிடுங்கள், மதியத்துக்கு என்று பாட்டிலில் அடைக்காதீர்கள். தை மாதம் வருகிறவர்களுக்குப் பனங்கிழங்கு உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு உடன்குடியிலோ திருச்செந்தூரிலோ கடைகள் இருக்கின்றன. மீனவர் ஊர்களுக்குள் பத்துப் பேருக்குத் திடீரென்று சாப்பாடு கிடைக்காது, முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். செம்மண் தேரியையும் (மணல்மேடு) இதே நாளில் சேர்க்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். நண்பகலில் தேரி மணல் காலைப் பொசுக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் தேரிக்காடும் வேறொரு நாளின் காலைக்குரியவை.

குலசேகரன்பட்டினம் வழியில்தான். தசரா நாட்களில் முத்தாரம்மனைக் காணப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்தப் பத்து நாளும் இந்தச் சாலைப் பக்கம் வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது இங்கே உப்பளத்தில் லோன் என்ற அதிகாரி கொல்லப்பட்டதும், அதையொட்டி நடந்த வழக்கும் சுதந்திரப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றவை. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த வளாகத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையமும் இருப்பதால், உரிய அனுமதி இல்லாமல் இந்தப் பகுதியில் எங்கும் டிரோன் பறக்கவிடாதீர்கள். சுற்றுலா நாள் காவல் நிலையத்தில் முடிந்துவிடும்.

மணப்பாட்டுக்கு மூன்றரை மணிக்குள் வந்து சேருங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் இங்கே வேண்டும். மணப்பாடு விலக்கில் திரும்பி ஊருக்குள் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடப்பதே சரி. பழைய மாடி வீடுகள், உயரமான முகப்புகள், கோயில் கோபுரங்கள் எல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். கடலுக்குள் நீண்ட குன்றின்மேல் இருக்கிற திருச்சிலுவை ஆலயம் 1581-ல் எழுந்தது என்பது ஊர் வரலாறு. புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லும் குகை குன்றின் கடல் பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பர் 14 அன்று திருச்சிலுவைத் திருவிழா. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் ஊர் நிறைந்திருக்கும், அப்போது ஊர்ச் சுற்றலுக்கு வராமல் திருவிழாவுக்கு என்றே வாருங்கள். கோயில்களுக்குள் போகும்போது அரைக்கால்சட்டையோடு, கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட நுழையக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பனை ஓலையில் பெட்டி, தட்டு, கூடை முடைவது மணப்பாட்டுப் பெண்களின் கைத்தொழில். கடையில் கேட்காமல் ஊருக்குள்ளேயே விசாரித்து வாங்கினால் பணம் முடைந்தவர் கைக்குப் போகும். சாயம் ஏற்றிய ஓலையை ஈரக்கையால் தடவிப் பாருங்கள், சாயம் ஒட்டினால் உணவு வைக்க உதவாது.

குன்றுக்கு மேற்கே கருமேனியாற்றின் முகத்துவாரம். கடல் கொண்டுவந்து சேர்த்த மணல் நாக்குப்போல நீண்டு, உள்ளே காயலாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். கரை இங்கே வளைந்து தெற்கு நோக்குவதால், கிழக்குக் கரையில் அரிதாகக் கிடைக்கும் காட்சி கிடைக்கிறது: சூரியன் தண்ணீருக்கு அப்பால், பனைகளுக்குப் பின்னால் இறங்கும். அதைப் பார்க்கக் குன்றின்மேல் இருப்பதே போதும். மணல் நாக்கின் நுனி வரை நடந்து போகிறவர்கள், முகத்துவாரம் திறந்திருந்தால் அதைக் கடக்கவே கூடாது. போகும்போது முழங்கால் அளவு இருக்கும். காயல் நீர் கடலுக்கு வடியத் தொடங்கினால் அதே இடத்தில் இழுப்பு ஆளைச் சாய்க்கும், மணல் காலடியிலிருந்து கரைந்து போகும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இங்கே அலைச்சறுக்கும் காற்றாடிச் சறுக்கும் நடக்கிறது. பயிற்சியாளர் இல்லாமல் பலகையை வாடகைக்கு எடுத்து இறங்குவது சரியல்ல.

எந்த மாதம் வருவது? தையும் மாசியும்தான் எங்கள் தேர்வு. வாடைக்காற்று அடங்கியிருக்கும், வெயில் தாங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். இந்த ஊர்களில் பெரும்பாலும் வள்ளமும் ஃபைபர் படகும் என்பதால் அப்போதும் மீன் வரும், வெயில்தான் தாங்காது. ஆனி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், பல நாள் படகு இறங்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, திருச்செந்தூர் வட்டாரமே துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம்.

இனி, கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை நடப்பில் இருந்தது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைதூரத்தில் வீசும் புயல் எழுப்பும் அலை, நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் சில நிமிடம் அடங்கிக் கிடக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து, காய்ந்த மணல் வரை ஏறி, திரும்பும்போது நின்றவரை உருட்டிக்கொண்டு போகும். எனவே 'காற்றே இல்லை, இறங்கலாம்' என்பது தவறான கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். கரையில் மீனவரையும் கேளுங்கள். 'நீவாடு (கடல் நீரோட்டம்) சரியில்லை' என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

இந்தக் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாகும், பத்தடி தள்ளினால் ஆள் மட்டம். எங்கும் உயிர்காப்பாளர் கிடையாது. இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் நிற்கும் நண்பர்கள் கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதுதான் ஒரு சாவை மூன்றாக்குகிறது. காலியான தண்ணீர்க் கேன், கயிறு, டியூப் எது கிடைத்தாலும் வீசுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, ஆம்புலன்ஸ் 108. மது குடித்தவரைக் குழுவில் யாராவது ஒருவர் கரையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

வண்டியை மணலில் இறக்காதீர்கள். இறங்கிப் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போகும். டயர் காற்றை 18 அல்லது 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, பனை ஓலையோ சாக்கோ விரித்து மெதுவாக எடுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப் போய், முதல் வேலையாகக் காற்றை ஏற்ற வேண்டும். பாட்டிலைக் கரையில் உடைத்துப் போடுவது பற்றி ஒரு வார்த்தை: கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு குதிகாலை மணலில் ஊன்றித்தான் இழுக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் துண்டு அவர்கள் பாதத்தில் ஏறினால் பல நாள் பிழைப்புப் போகும். குப்பைக்கு ஒரு சாக்கு கொண்டுவந்து, நிறைந்ததைத் திருச்செந்தூருக்கே எடுத்துச் செல்லுங்கள். ஊராட்சிகளுக்கு அதை அள்ள ஆளும் இல்லை, வண்டியும் இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. காலை ஐந்திலிருந்து மாலை ஆறு வரை ஒரு பெண் இந்த வழியில் சுற்றினால், கோயில் வளாகங்களை விட்டால் கழிப்பறைக்கு வழியில்லை. மணப்பாடு, பெரியதாழை, உவரி மூன்று இடத்திலும் கட்டணக் கழிப்பறை கட்டி, அதன் பராமரிப்பையும் வசூலையும் உள்ளூர் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். தூண்டில் வளைவுகளிலும் மணப்பாட்டு முகத்துவாரத்திலும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். அதோடு ஒரு கம்பத்தில் மிதவை வளையமும் முப்பது மீட்டர் கயிறும் தொங்கவிட்டால் போதும், பெரிய செலவில்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றும் பொறுப்பை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கள்ளக்கடல் எச்சரிக்கை பெரும்பாலும் உள்பக்கத்தில் மீனவர்களுக்கான செய்தியாக வருகிறது. மீனவர்களுக்கு அது வேறு வழிகளிலும் எட்டிவிடும், எட்டாமல் போவது வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான். வெள்ளி, சனிக்கிழமை இதழ்களில் சுற்றுலாச் செய்திகள் வரும் பக்கத்திலேயே, மாவட்ட வாரியாக அந்த வாரக் கடல் நிலையைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
உடன்குடி வட்டாரம்.